தையல் அறையில் அரைப் பேர்

புதிதாக வந்திருக்கும் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். நேற்று உங்களிடம் கார்மென்ட்டில் மிஞ்சிய வெட்டுத்துணி இரண்டு மூட்டை கொடுத்தார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்தேன். சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல், பூப்போட்டது ஒரு குவியல். பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நான் வேலையை விட்டு ஓய்வாக இருப்பவள், இப்போது இங்கே எனக்கு அதிகாரம் இல்லை. பேசினால் திட்டுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறம் கடைசி. முதலில் பனியன் துணியையும் சட்டைத் துணியையும் பிரியுங்கள். ஒன்று நீளும், மற்றது நீளாது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் போர்வையின் கட்டம் கோணிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அளவு. சின்னத் துண்டுதானே, எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணி நிற்காத துண்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான். எல்லாத் துண்டும் உபயோகப்படும் என்று வீடியோவில் சொல்கிறவர்கள் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். அதைத் துவைக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

இதையெல்லாம் அறையில் இருப்பவர்கள் கையைப் பிடித்துக் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம் கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா, சுவரில் பலகை மாட்டி, யார் எத்தனை தைத்தார்கள் என்று தினமும் எழுதினால் வேலை வேகமாக நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். உங்களில் சிலர் தலையாட்டினீர்களாம். அந்தப் பலகையை நான் ஒருமுறை மாட்டினேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்துச் சாக்கைத் தூக்க மறுத்து பதுளைப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சேர்ந்தேன். வெட்டும் மேசையில் பல வருடம், பிறகு தையல் மிஷின் லைனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே சாக்குச் சாக்காக வெட்டுத்துணி வீணாகப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள். அந்த வேலையை விட்டதும், நமுனுகுல மலைக்குக் கீழே நான் பிறந்த தோட்டத்துக்கே வந்து, தோட்ட மேனேஜர் பெரிய துரையைப் பார்த்து, கொழுந்தெடுக்கிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது, அதைக் கேட்டேன். மேலே புதிதாகப் பிள்ளைகளுக்கு இடம் கட்டிவிட்டார்கள், இது சும்மாதான் கிடந்தது. கொடுத்தார். ஒரு நிபந்தனை சொன்னார். வருடக் கடைசிக்குள் உருப்படியாக ஒரு வேலை முடித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் சாவி திரும்பிப் போகும், அறை உரமூட்டை வைக்கப் போகும்.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி கமலா. கை மின்னல், வாயும் அப்படித்தான். இன்னொருவர் செல்வராணி அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருடம் கொழுந்து எடுத்து முழங்கால் போய், மலை ஏறமுடியாமல் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர். அறை போனால் மற்ற எட்டுப் பேரும் மறுநாள் காலை தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கலாம். அவருக்குத் திரும்பிப் போக எதுவும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பின்னால் அந்த வார்த்தையைப் பேசினேன்.

வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வரும் எல்லவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த ஒரு சிங்கள மாத்தையா பன்னிரண்டு கட்டிலுக்குப் பன்னிரண்டு போர்வை கேட்டார். மேலே வெட்டுத்துணிக் கட்டங்கள், நடுவில் பழைய கம்பளி, கீழே ஒற்றைத் துணி. ஆறு வாரம் தந்தார். போர்வைகளை ஏற்றும் நாளில் பெரிய துரைக்குக் கீழே உள்ள சின்னதுரை வந்து பார்ப்பதாகவும் ஏற்பாடு. பெரிய துரை கேட்ட உருப்படியான வேலை அதுதான்.

இரண்டு வாரம் போனது. கட்டங்கள் சேரவில்லை. மிஷின் இரண்டுதான், அதனால் கட்டங்களைக் கையால் தைத்து, பிறகு மிஷினில் இணைப்போம். ஒரு கட்டத்துக்கு நாலு துண்டு. நான் பயந்துபோனேன். பயந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எதையாவது செய்தாகவேண்டும். பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போன கரும்பலகையை எடுத்து மாட்டினேன். ஒன்பது பேருடைய பெயரையும் எழுதினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டம் தைத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர்.

உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாது. தோட்டத்தில் சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். முழு நாளும் மழையில் நின்றிருந்தாலும் அரை நாள்தான் வேலை செய்தாய் என்று அர்த்தம், சம்பளமும் அரைதான். நான் சம்பளத்தில் கை வைக்கவில்லை. பலகையில் சாக்பீஸால் எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தையை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். சாட்டை எடுத்திருந்தால்கூட அவ்வளவு வேலை நடந்திருக்காது.

மூன்றாம் நாளிலிருந்து கட்டங்கள் குவிந்தன. கமலா பதினைந்து. மற்றவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று. சாயங்காலம் நான் ஓர் அட்டையை வைத்து அளப்பேன். அட்டைக்குச் சரியாக இருக்கும், முன்பக்கம் அழகாக இருக்கும், ஒரு பேர் போடுவேன். நானும் வீட்டில் உட்கார்ந்து சிலது தைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். செல்வராணி அக்கா மட்டும் ஏழு, எட்டு. பக்கத்தில் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் அவருக்கு அரைப் பேர்.

"என்னக்கா, இங்கயும் அரைப் பேரா?" என்று கமலா ஒரு நாள் சீண்டினாள்.

"மலையில கங்காணி போட்டாரு, இங்க இவ போடுறா," என்றார் அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருக்காச்சும் மீசை இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "சாக்குல போடுற துணிய தைச்சிருந்தா பன்னெண்டு வந்திருக்கும்," என்றேன்.

"வந்திருக்கும்," என்றார். அதோடு விட்டுவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஏற்றும் நாளுக்கு எட்டு நாள் இருந்தது. பத்துப் போர்வை முடிந்து மடித்து அடுக்கியாகிவிட்டது. அன்றைக்கு யாரோ ஒருத்தி பிளேன்டீயைத் தட்டிவிட்டாள். மேலே இருந்த போர்வையில் அரைக் கோப்பை ஊறிவிட்டது. கமலாவும் இன்னொருத்தியும் அதைத் தண்ணீர் விழும் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய், நாம் துணி துவைக்கும் அதே கல்லில் நாலு அடி அடித்து, பிழிந்து கொண்டுவந்தார்கள். கமலா வாசலில் நின்று கூப்பிட்ட குரலிலேயே தெரிந்தது.

"மிஸ், இங்க வந்து பாருங்க."

கொடியில் விரித்தோம். பத்தொன்பது இடத்தில் தையல் விட்டிருந்தது. நூல் அறுந்து பிரியவில்லை. துணியே தையலிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி, உள்ளே இருந்த கம்பளி ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் தெரிந்தது.

இங்கேதான் என் தப்பைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் நான் தையலைப் பார்க்கவில்லை. ஆளைத் தேடினேன். மெதுவாக வேலை செய்கிறவர் மோசமாக வேலை செய்கிறவர் என்று என் தலைக்குள் எப்போதோ எழுதியாகிவிட்டது. அந்தப் பலகை எழுதியது அது. நான் உள்ளே போய், மற்ற எட்டுப் பேர் முன்னாலும், செல்வராணி அக்காவிடம் சொன்னேன்:

"கண்ணு தெரியலன்னா சொல்லியிருக்கலாம்ல அக்கா? ஆகலன்னா மலைக்கே போயிருங்க."

மலைக்குப் போகமுடியாத மனுஷியிடம் சொன்னேன்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஈரப் போர்வையின் கீழ்த்துணியை ஒரு பக்கமாக அறுத்துத் திறந்தார். ஒவ்வொருவரும் தைத்த கட்டத்தின் பின்பக்கம் பென்சிலில் முதலெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். பலகையில் எண்ணுவதற்காக நானே கொண்டுவந்த வழக்கம்.

"வாசி," என்றார்.

வாசித்தேன். விட்டுப்போன பத்தொன்பதில் ஆறு கமலாவுடையது. ஒன்பது மற்றவர்களுடையது. நாலு என்னுடையது. செல்வராணி அக்காவின் எழுத்து ஒன்றில்கூட இல்லை. அந்தப் போர்வையில் அவர் தைத்த கட்டங்கள் கல்லில் அடித்தும் அசையாமல் இருந்தன.

பின்பக்கத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கார்மென்ட்டிலிருந்து வந்த துண்டுகளில் பாதி ஒடுக்கமானவை. அட்டை அளவுக்கு முன்பக்கம் வரவேண்டும் என்றால் தையலைத் துணியின் விளிம்புக்கே கொண்டுபோகவேண்டும். கால் அங்குலம் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு நூல் அகலம் நின்றது. அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு வேறு துண்டு தேடலாம், ஆனால் தேடும் நேரத்தில் ஒரு கட்டம் போய்விடும், ஒரு கட்டம் போனால் பேர் போய்விடும். அக்காவின் சாக்கில் கிடந்தது முழுக்க அந்தமாதிரித் துண்டுகள்.

இதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். மலையில் எடை குறைந்தால் முற்றிய இலையைச் சேர்த்துப் பிடுங்கிச் சாக்கின் நடுவில் போடுவார்கள். என் அம்மாவும் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியும். அரைப் பேர் என்று பயமுறுத்தினால் மனுஷர் அதைத்தான் செய்வார்கள். எடை கேட்டால் எடை கிடைக்கும். நான் போர்வை கேட்கவில்லை, எண்ணிக்கை கேட்டேன். எண்ணிக்கை கிடைத்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நானே, அதே பொறியை என் கையால் சுவரில் மாட்டி, நானே அதில் விழுந்து, என் கட்டத்தையும் விளிம்பில் தைத்திருந்தேன்.

மற்ற ஒன்பது போர்வைகளையும் பிரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே கதை.

கமலா வாசற்படியில் உட்கார்ந்தாள். "மிஸ், ஒண்ணு சொல்லவா? பாக்க நல்லாத்தான இருக்கு. குடுத்துருவோம். வெள்ளக்காரன் வந்து படுத்து, அழுக்காகி, துவைக்கிறதுக்குள்ள ரூம் நமக்குன்னு ஆயிரும்."

நான் யோக்கியமானவள் போல எழுதப்போவதில்லை. அரை மணி நேரம் நானும் கமலா பக்கம்தான் இருந்தேன். சின்னதுரை எண்ணிப் பார்ப்பார், துவைத்துப் பார்க்கமாட்டார். பன்னிரண்டைக் காட்டினால் சாவி நம்மிடம் இருக்கும். ஏழோ எட்டோ காட்டினால் உரமூட்டை வரும். கணக்கு அவ்வளவுதான். செல்வராணி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அறை போனால் அதிகம் இழக்கிறவர் அவர். அவர் சரி என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

"நீ என்ன சொல்ற?" என்று அவர் என்னையே கேட்டார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லணும்," என்றேன். "உங்ககிட்ட நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் பேசினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சரி, சொல்லிட்ட. போர்வைக்கு என்ன செய்யப் போற?"

"குடுத்தா அவரு மொத தடவ துவைக்கிறப்ப பிரியும். பிரிஞ்சா எல்லவுல ஒருத்தனும் நம்மகிட்ட வாங்கமாட்டான். ரூம வச்சிக்கிட்டு அப்புறம் என்னத்த தைக்கிறது?"

"அப்ப பிரிக்கணும்," என்றார். "உக்காருங்க எல்லாரும்."

நான் பலகையைக் கழற்றினேன். கோபத்தில் உடைக்கவெல்லாம் இல்லை, நல்ல பலகை அது. ஈரத் துணியால் துடைத்து, துணி வெட்டுவதற்கு மேசையாகப் போட்டேன். இன்று வரைக்கும் அதன்மேல்தான் வெட்டுகிறார்கள்.

அன்றைக்கே மாத்தையாவுக்குப் போன் எடுத்தேன். ஏழுதான் தரமுடியும் என்றேன். அவர் கொதித்தார்.

"அக்கா, பன்னெண்டு கட்டில் இருக்கு. ஏழு கட்டிலுக்குப் போட்டு, அஞ்சு கட்டில் சும்மா வைக்கிறதா?"

"பன்னெண்டும் தரலாம் மாத்தையா. மொத தடவ துவைச்சா பிரியும். வேணும்னா ஏத்தி விடுறேன்."

"அப்படின்னா ஏன் என்கிட்ட சொல்றது?"

"நீங்க துவைப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

சிங்களத்தில் என்னவோ முணுமுணுத்துவிட்டு, ஏழு வந்தால் ஏழு, மிச்சத்துக்கு அவர் பஜாரில் பெட்ஷீட் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் பெருந்தன்மையாகப் பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். பேசவில்லை.

எட்டு நாளும் செல்வராணி அக்காதான் கடைசி வார்த்தை. இந்த ஏற்பாட்டை நான் செய்தேன். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த சரியான முடிவுகளில் இதை முதலில் வைப்பேன். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்து, வைப்பதா தள்ளுவதா என்று சொல்வார். என்னுடையதில் பதினொன்றைத் தள்ளினார். "மிஸ்ஸுக்கே அரைப் பேரு," என்று கமலா சொன்னாள். அவளுடையதில் முப்பதுக்கு மேல் போனது. இரண்டாம் நாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள், தைப்பதற்கு முன்பே துண்டைத் தூக்கி அக்காவிடம் காட்டத் தொடங்கினாள். யாரும் எண்ணவில்லை. அறையில் அந்த எட்டு நாளும் பேச்சும் சிரிப்பும்தான். வேலை குறையவில்லை. ஏழாவது போர்வை ஏற்றும் நாள் காலையில் முடிந்தது.

சின்னதுரை முதலில் வந்தார். அடுக்கைப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"பன்னெண்டுன்னு சொன்னீங்க. ஏழு இருக்கு."

"ஆமாங்க தொரை. பத்து தைச்சு முடிச்சோம். சரியில்ல. பிரிச்சு ஏழு செஞ்சிருக்கு."

"தோட்டத்துல சொன்ன எடை வரலன்னா நான் பெரிய தொரைக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். கெட்ட ஆள் இல்லை. சின்ன வயது, அவருக்கும் மேலே கேட்க ஆள் உண்டு. ஆனால் அவர் கண் சாவி தொங்கிய ஆணிக்குப் போய்விட்டது. அதை நான் பார்த்தேன். அறையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரம் மாத்தையாவின் வேன் வந்து நின்றது.

செல்வராணி அக்கா எழுந்து போய் மேலே இருந்த போர்வையை எடுத்தார். ஒரு முனையைச் சின்னதுரையின் கையில் கொடுத்தார்.

"பிடிங்க தொரை."

"எதுக்கு?"

"பிடிங்க, சொல்றேன். ரெண்டு கையாலயும்."

அவர் பிடித்தார். அக்கா மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, இழுத்தார். முப்பது வருடம் சாக்கு சுமந்த தோள். சின்னதுரை இரண்டடி முன்னால் தடுமாறி வந்து, பிறகு காலை ஊன்றி அவரும் இழுத்தார். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. முகம் சிவக்க இழுத்தார். ஒரு நூல் அசையவில்லை. உள்ளே வந்த மாத்தையா வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவரும் வந்து ஒவ்வொரு போர்வையாக விரித்து, மூலைக்கு மூலை தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு வேனில் ஏற்றினார். ஏழையும் ஏற்றினார்.

"மிச்சம் அஞ்சும் எனக்குத்தான்," என்றார். "பெட்ஷீட் இப்போதைக்குப் போடுறேன்."

சின்னதுரை கையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்த அஞ்சு எப்ப முடியும்? ஒரு நாள் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி அக்கா சொன்னார். "நாள் சொன்னா அந்த நாளுக்குத் தகுந்த மாதிரி தைப்போம் தொரை. அடுத்த தடவ நீங்க இழுக்கிறப்ப பிரிஞ்சு பின்னால விழுவீங்க."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஆணியை ஒருமுறை பார்த்தார். "மூணு மாசம் இருங்க. நான் பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வாசலில் நின்று வேன் வளைவு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்ன அங்கயே நிக்கிற? அஞ்சு பாக்கி இருக்குல்ல."